முதலில் ரஷ்ய மொழி பேசிய இன்ஸ்பெக்டர்

நண்பர்களே, இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிற ஒரு ஆங்கில நாடகம் முதன்முதலில் மேடையேறியது ரஷ்யாவில், அதுவும் ரஷ்ய மொழியில். ஜே. பி. பிரீஸ்ட்லியின் 'ஆன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' பற்றித்தான் சொல்கிறேன். 1944-45 குளிர்காலத்தில், போர் முடியும் தறுவாயில், மளமளவென்று எழுதி முடித்தார். லண்டனில் தோதான அரங்கு அமையவில்லை. பிரதி ரஷ்யாவுக்குப் போனது. 1945லேயே மாஸ்கோவில் இயக்குநர் தாயிரோவின் காமெர்னி தியேட்டரும், லெனின்கிராடின் நகைச்சுவை நாடக அரங்கும் அதைப் போட்டுவிட்டன. காமெர்னியில் வைத்த பெயர் 'அவர் வந்தார்'.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1912. ஆலை முதலாளி பர்லிங் வீட்டில் மகளின் நிச்சயதார்த்த விருந்து. டைட்டானிக் மூழ்கவே மூழ்காது என்று பேசிக்கொண்டிருக்கிறார் பெரியவர். வாசல் மணி அடிக்கிறது, இன்ஸ்பெக்டர் கூல் உள்ளே வருகிறார். ஈவா ஸ்மித் என்ற பெண் கிருமிநாசினியைக் குடித்துச் செத்துப்போனாள் என்கிறார். அவள் பர்லிங் ஆலையில் வேலை பார்த்தவள். வாரத்துக்கு 22 ஷில்லிங் 6 பென்ஸ் கட்டுப்படியாகவில்லை, 25 ஆக்குங்கள் என்று கேட்டவர்களில் ஒருத்தி. இரண்டரை ஷில்லிங் கூடக் கேட்டதற்கு வேலை போனது, அப்புறம் அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரும் அவளை ஒரு படி கீழே தள்ளியிருக்கிறார்கள். ஈவா கடைசிவரை மேடைக்கு வருவதே இல்லை.

இதை லெனின்கிராடில் யார் பார்த்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜெர்மன் படைகள் அந்த நகரைச் சூழ்ந்து நின்ற 872 நாள் முற்றுகை 1944 ஜனவரியில்தான் முடிந்திருந்தது. சொந்த வீட்டிலேயே பட்டினிச் சாவைப் பார்த்த சனங்கள் அவர்கள். மேடையில் விருந்து மேசை, எங்கோ ஒரு பிணவறையில் பெயர் மட்டும் மிஞ்சிய ஒரு பெண். முதலாளியைக் கூண்டில் ஏற்றுகிற நாடகம் சோவியத் அரசுக்கும் வசதியாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதே அரசுதான் 1949ல் தாயிரோவைப் பதவியிலிருந்து நீக்கியது, காமெர்னியும் அதோடு முடிந்தது. இந்த நாடகத்துக்கு முதலில் இடம் கொடுத்த அரங்குக்கு அந்தக் கதி வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

லண்டனுக்கு 1946 அக்டோபரில் வந்தது. நியூ தியேட்டரில் இன்ஸ்பெக்டராக ரால்ஃப் ரிச்சர்ட்சன், பர்லிங்கின் மகன் எரிக்காக அலெக் கின்னஸ். பெரிய நடிகர்கள், குறை சொல்ல முடியாது. அடுத்த வருடம் நியூயார்க்கில் 95 காட்சிகளோடு நின்றது. அதற்குப் பிறகு நாடகம் வரவேற்பறைக்குள் அடைபட்டு, சோபாவும் மதுக்கோப்பையுமாக ஒரு துப்பறியும் கதைபோல ஆகிவிட்டது. பிரீஸ்ட்லியே மேடைக்குறிப்பில் ஒன்று எழுதியிருக்கிறார்: இன்ஸ்பெக்டர் வரும்வரை வெளிச்சம் இளஞ்சிவப்பாக, இதமாக இருக்க வேண்டும், அவர் வந்ததும் கூடிக் கடுமையாக வேண்டும். அந்த ஒரு வரியை மனசில் வாங்கினாலே போதும், இது வீட்டு நாடகம் இல்லை என்று புரிந்துவிடும்.

அதைப் புரிந்துகொண்டவர் இயக்குநர் ஸ்டீபன் டால்ட்ரி. 1992ல் லண்டன் நேஷனல் தியேட்டரில் அவர் போட்டபோது, பர்லிங் வீடு கால்களின் மேல் அந்தரத்தில் நின்றது, பொம்மை வீடு மாதிரி. கீழே ஈரத் தெரு, மழை, போர்க்காலத்துச் சனங்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். வீடு பிளந்து திறக்கிறது, கடைசியில் சரிகிறது, பாத்திர பண்டமெல்லாம் உருண்டு விழுகின்றன. 1994ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்குப் போய், சிறந்த மறுதயாரிப்புக்கான டோனி என்ற அமெரிக்க நாடக விருதை வாங்கியது. 95 காட்சிகளோடு நின்ற அதே நியூயார்க்!

சரி, நம் நாட்டுக்கு இந்த இன்ஸ்பெக்டர் வரவில்லையா? வந்தார். வங்காளத்தில் அஜித் கங்கோபாத்யாய் இதைத் தழுவி நாடகம் எழுதினார், 1965ல் அது திரைப்படமாகவும் வந்தது, இன்ஸ்பெக்டராக உத்தம் குமார். பெயர் 'தானா தேக்கே ஆஸ்சி'. 'போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வருகிறேன்' என்று அர்த்தம்.