மைக் பிடித்தவருக்குக் கூலி யார் கொடுப்பது?

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

விளையாடுகிறவர்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். இன்று விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்லும் வர்ணனையாளர்களுக்கும், அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும் முட்டல் மோதல் வருவது புதிதல்ல. பெரும்பாலும் வெளியே போவது பேசியவர்தான்.

2016 மார்ச் 23, பெங்களூரு. இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்தியாவும் வங்கதேசமும் மோதின. கடைசி 3 பந்தில் வங்கதேசத்துக்கு 2 ரன் போதும். மூன்று பந்திலும் மூன்று விக்கெட் விழுந்து, இந்தியா ஒரே ஒரு ரன்னில் ஜெயித்தது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் முடிந்தபின் நடிகர் அமிதாப் பச்சன் ட்விட்டரில் ஒரு மனக்குறையைச் சொன்னார். இந்திய வர்ணனையாளர் எந்நேரமும் எதிரணியைப் பற்றியே பேசாமல் நம் ஆட்டக்காரர்களைப் பற்றியும் பேசலாமே என்பது அவர் கேள்வி. யார் பெயரையும் அவர் குறிப்பிடவில்லை. அணித்தலைவர் தோனியும் அதைப் பகிர்ந்து, இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை என்று எழுதினார்.

அடுத்த மாதம் ஐபிஎல் தொடங்கியபோது, பல வருடம் கிரிக்கெட் வர்ணனை செய்துவந்த ஹர்ஷா போக்ளே வர்ணனைக் குழுவில் இல்லை. ஏன் நீக்கினார்கள் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்று அவரே எழுதினார். அந்தப் பதிவுக்கும் இந்த நீக்கத்துக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்று கிரிக்கெட் வாரியம் வாய் திறக்கவில்லை. இதுதான் என்னை உறுத்துகிறது. ஒருவரை வேலையை விட்டு எடுக்கும் உரிமை முதலாளிக்கு இருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் எடுத்தால், மிச்சமிருக்கும் பத்துப் பேரும் தாங்களாகவே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, அதற்குப் பயந்து பேசுவார்கள். எதைச் சொன்னால் வம்பு என்று தெரியாதவர் எல்லாவற்றையும் விழுங்கிவிடுவார்.

இதில் முதலாளி யார் என்பதையும் கவனிக்க வேண்டும். நமக்குத் திரையில் தெரிவது சேனலின் பெயர். ஆனால் அந்த ஆண்டுகளில் இந்தியாவில் நடந்த ஆட்டங்களின் ஒளிபரப்புத் தயாரிப்பு வாரியத்தின் கையில் இருந்தது. வர்ணனையாளர்களை ஒப்பந்தம் செய்ததும் வாரியம்தான். அதாவது ஆட்டத்தை நடத்துகிறவரே, ஆட்டம் எப்படி நடந்தது என்று சொல்கிறவருக்கும் சம்பளம் கொடுக்கிறார். ஆஸ்திரேலியாவின் முன்னாள் அணித்தலைவர் இயான் சாப்பல் 2013-ல் இந்தியாவில் வர்ணனை செய்ய வந்த அழைப்பை ஏற்கவில்லை. அணித் தேர்வு, நடுவர் தீர்ப்பை மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறை, வாரிய நிர்வாகம் இவற்றைப் பற்றிப் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்ததுதான் காரணம். அணித் தேர்வைப் பற்றிப் பேசாமல் ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தில் ஒரு மனிதர் என்னதான் பேசுவார்?

இந்த ராமநாதபுரம் கடற்கரையில் நமக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றக்கூடாது. தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் ஆட்டத்தைக் காதால்தான் பார்த்தார்கள். சேப்பாக்கத்தில் பொங்கல் டெஸ்ட் நடந்தால், சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரும் கூத்தபிரானும் வானொலியில் தமிழில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே வலையைப் பழுது பார்த்தவர்கள் இங்கே இருந்தார்கள். டிவி பார்ப்பவர் ரீப்ளேயைப் பார்த்து, வர்ணனையாளர் சொல்வது சரியா தப்பா என்று தானே முடிவு செய்யலாம். வானொலி கேட்பவருக்கு அந்த வசதி கிடையாது. அந்தக் குரலை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறவர், படகு முதலாளியின் மனம் கோணுமே என்று ஒரு நம்பரைக் குறைத்து ஏற்றினால் எப்படி இருக்கும்? கேட்கிறவனை நம்பவைத்துவிட்டு உண்மையை மறைப்பதும் அந்த மாதிரிதான்.

பெரிய ஊர்களில்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் நம் கடற்கரை ஊர் ஒன்றில் திருவிழாக் கபடி. ஊர் பெயர் வேண்டாம். நான் ஸ்கோர் எழுத உட்கார்ந்திருந்தேன். கரை மணலில் சுண்ணாம்புத் தூள் போட்டுக் கோடு கிழித்திருந்தார்கள். மைக் பிடித்த பையன் நல்ல குரல்காரன். ஒரு ரைடர் பாடிப் போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, கடைசிக் கோட்டு ஓரமாகச் சுற்றித் திரும்பினான். நடுவர் இரண்டு புள்ளி கொடுத்தார். பையன் மைக்கில், "நடுவர் கவனத்துக்கு, வலது குதிகால் கோட்டுக்கு வெளியே பதிந்திருக்கிறது, தடம் அப்படியே இருக்கிறது, வந்து பாருங்கள்" என்றான். உண்மைதான். குதிகால் தடம் கோட்டுக்கு வெளியே நாலு விரல்கடை தள்ளி, ஈர மணலில் அச்சு வைத்த மாதிரி இருந்தது. தடத்தின் ஓரத்தில் சுண்ணாம்பு கூடக் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

பிரச்சினை என்னவென்றால், அந்த அணி முதல் பரிசு கொடுப்பவரின் அணி. விழாக் குழுவில் ஒருவர் எழுந்து வந்தார். பையனின் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஆம்ப்ளிஃபயர்காரரைப் பார்த்துக் கையைக் காட்டினார். குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வந்துவிட்டது. அடுத்த ஆட்டத்துக்கு வேறொரு பையன் வந்து நன்கொடையாளர் பெயர்களை வரிசையாகப் படித்தான். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆச்சி ஒருவர், "ஏம்ப்பா, நல்லாத்தானே சொல்லிக்கிட்டிருந்தான், ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டார். குழுவில் யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்குக் கபடி விதி தெரியுமோ என்னவோ, எந்தக் குரல் தன்னிடம் உண்மையைச் சொன்னது என்று தெரிந்திருந்தது.

சரி, நிறுவனம் எப்போதும் தப்பு, பேசியவர் எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. 2006-ல் கொழும்பில் வர்ணனை செய்துகொண்டிருந்த ஆஸ்திரேலியாவின் முன்னாள் ஆட்டக்காரர் டீன் ஜோன்ஸ், தாடி வைத்த முஸ்லிமான தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் ஹஷிம் ஆம்லாவைப் பயங்கரவாதி என்று சொன்னது மைக்கில் கேட்டுவிட்டது. ஒளிபரப்பிய டென் ஸ்போர்ட்ஸ் சேனல் ஜோன்ஸை நீக்கியது. அவரும் மன்னிப்புக் கேட்டார். நீக்கியது சரிதான். அதற்கும் கருத்துச் சுதந்திரத்துக்கும் சம்பந்தமில்லை. கீழக்கரையிலும் தொண்டியிலும் கிரிக்கெட் ஆடும் பையன்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்தாலே போதும்.

இந்தியாவின் முன்னாள் ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான சஞ்சய் மஞ்ச்ரேக்கர் விஷயம் வேறு. 2019 உலகக் கோப்பையின்போது, ஒருநாள் ஆட்டத்தில் ஜடேஜா முழுமையான பேட்ஸ்மேனும் இல்லை, முழுமையான பவுலரும் இல்லை என்கிற பொருளில் விமர்சித்தார். ஜடேஜா சூடாகப் பதில் கொடுத்தார். அப்புறம் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 59 பந்தில் 77 ரன் அடித்து மட்டையாலும் பதில் சொன்னார். மஞ்ச்ரேக்கரும் அதை மனம் விட்டு ஒப்புக்கொண்டார். அத்தோடு கணக்கு முடிந்திருக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றிச் சொன்ன கருத்து, ஆட்டத்திலேயே பொய்யாகிப் போனது. இதைவிட நியாயமான தீர்ப்பு உண்டா? ஆனால் 2020 மார்ச்சில் வாரியத்தின் வர்ணனைக் குழுவிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அதற்கும் வாரியம் காரணம் சொல்லவில்லை.

அமெரிக்காவிலும் இதே கதைதான், பணத்தின் அளவுதான் இன்னும் பெரிது. 2014-ல் ஓர் அமெரிக்கக் கால்பந்து வீரர் தனக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை ஹோட்டல் லிஃப்டில் அடித்து வீழ்த்திய வீடியோ வெளியானது. அதை முன்பே பார்க்கவில்லை என்றார் அந்த விளையாட்டின் லீக்கான என்எஃப்எல்லின் தலைவர் ரோஜர் கூடெல். அவர் பொய் சொல்கிறார் என்று ஈஎஸ்பிஎன் விளையாட்டுச் சேனலில் வேலை பார்த்த பில் சிம்மன்ஸ் தன் பாட்காஸ்டில் சொன்னார். முடிந்தால் நடவடிக்கை எடுங்கள் என்று தன் நிறுவனத்துக்கே சவாலும் விட்டார். மூன்று வாரம் இடைநீக்கம். அடுத்த ஆண்டு அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. ஈஎஸ்பிஎன் அதே என்எஃப்எல்லுக்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்து ஒளிபரப்பு உரிமை வாங்கியிருந்த நிறுவனம் என்பதை மறந்துவிடாதீர்கள். சிம்மன்ஸ் சவால் விட்ட முறை முரட்டுத்தனமானது என்று சொல்லலாம். அடிபட்டது ஒரு பெண். லீக்கின் தலைவரைக் கேள்வி கேட்க அங்கே வேறு யாருக்குத் துணிச்சல் இருந்தது?

இங்கிலாந்தில் நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. கேரி லினேக்கர், 1986 உலகக் கோப்பையில் அதிகக் கோல் அடித்தவர், பிபிசியின் கால்பந்து நிகழ்ச்சியை வருடக்கணக்கில் நடத்தியவர். சிறு படகுகளில் கடல் கடந்து அடைக்கலம் தேடி வருவோர் மீது அரசு கொண்டுவந்த கொள்கையையும் அதை அறிவித்த மொழியையும் 2023 மார்ச்சில் கடுமையாகச் சாடினார். 1930-களின் ஜெர்மனியை நினைவுபடுத்தும் மொழி என்றார். பிபிசி அவரை நிகழ்ச்சியிலிருந்து ஒதுங்கச் சொன்னது. உடனே அந்த நிகழ்ச்சியில் ஆட்டத்தை அலசும் இயான் ரைட், ஆலன் ஷியரர் எல்லோரும் அவர் இல்லாமல் நாங்களும் வரமாட்டோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி தொகுப்பாளர் இல்லாமல், வர்ணனையும் இல்லாமல் வெறும் 20 நிமிடத்தில் முடிந்தது. சில நாளில் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 2025-ல் யூதர்களை இழிவுபடுத்தும் படம் இருந்த ஒரு பதிவைப் பகிர்ந்துவிட்டு, மன்னிப்புக் கேட்டு, அவர் பிபிசியை விட்டே விலகினார். அது வேறு விவகாரம், அதில் நான் அவர் பக்கம் இல்லை. ஆனால் 2023-ல் அவர் பேசியது சிறு படகில் வருகிற மனிதர்களுக்காக. இலங்கை அகதிகளுக்கான மண்டபம் முகாம் நம் பக்கத்தில் இருக்கிறது. 2022-ல் கூடத் தனுஷ்கோடி மணலில் குழந்தைகளோடு வந்து இறங்கியவர்களைப் பார்த்தவர்கள் நாம். கால்பந்துக்காரனுக்கு இதில் என்ன பேச்சு என்று கேட்க எனக்கு மனம் வராது.

கிரிக்கெட் வாரியத்துக்கு நான் சொல்லி ஒன்றும் நடக்கப்போவதில்லை. நம் ஊர் விழாக் குழுக்களிடம் கேட்கலாம். அடுத்த கபடிக்கோ, தொண்டிப் பக்கம் நடக்கிற பாய்மரப் படகுப் போட்டிக்கோ மைக் பிடிக்க ஆள் பேசும்போது, அவருடைய கூலியை முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். பரிசு கொடுப்பவர் கையால் கொடுக்க வேண்டாம், ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து கொடுங்கள். நன்கொடையாளர் பெயர்களை நோட்டீஸில் பெரிதாகப் போடுங்கள், மேடையில் துண்டு போர்த்துங்கள். மைக்காரர் தவறாகச் சொன்னால் நடுவர் அதே மைக்கில் திருத்தட்டும். ஆளை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், ஏன் மாற்றுகிறோம் என்று மணலில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்கு மைக்கிலேயே சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

நன்றி, வணக்கம்.