விலை ஏறினால் ஆடு குறையும்: உலகச் செம்மறிச் சந்தையின் கணக்கு

[திரையில்: ஆஸ்திரேலிய ஆட்டு விலைக் கோடு, 2023 முதல் 2025 வரை]

2023-இன் பின்பாதி. ஆஸ்திரேலியாவில் வயதான செம்மறி ஆட்டின் விலை, உரித்த எடைக்கு, கிலோ 2 ஆஸ்திரேலிய டாலருக்கும் கீழே போய்விட்டது. சந்தைக்கு ஏற்றிப்போனால் லாரி வாடகைக்கே கட்டாது என்று சிலர் ஆடுகளைச் சும்மாவே கொடுத்தார்கள். அங்கிருந்து 2025 நடுப்பகுதிக்கு வாருங்கள். அதே நாட்டில் எடை கூடிய ஆட்டுக்குட்டி கிலோ 11 டாலரைத் தாண்டி விற்கிறது. ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு மாதாமாதம் வெளியிடும் விலைக் குறியீட்டிலும் செம்மறி இறைச்சி அதுவரை பார்க்காத உயரத்தைத் தொட்டது அந்த ஆண்டுதான்.

இரண்டே வருடத்தில் உலகம் திடீரென்று கறி தின்ன ஆரம்பித்துவிட்டதா? இல்லை. விலையை ஆட்டிவைத்தது சாப்பிடுகிறவர்கள் அல்ல, தெற்கு ஆஸ்திரேலியாவின் புல். அது எப்படி என்று பார்ப்போம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கறிக்கடையில் மட்டன் என்றால் பல இடங்களில் வெள்ளாட்டுக் கறியும் வரும். இங்கே பேசப்போவது செம்மறியை. அதிலும் உலகச் சந்தையில் இரண்டு சரக்கு உண்டு, இரண்டுக்கும் தனித்தனி விலை: ஏறக்குறைய ஒரு வயதுக்குள் வெட்டும் குட்டி ஒன்று, அந்த வயதைத் தாண்டிய ஆடு இன்னொன்று. முதலாவதைக் குட்டிக்கறி என்றும் இரண்டாவதை மட்டன் என்றும் சொல்லிக்கொண்டு போகிறேன்.

[திரையில்: உலக வரைபடம். சீனா பெரிய வட்டமாக, ஓசியானியாவிலிருந்து அம்புக்குறிகள்]

செம்மறியும் வெள்ளாடும் சேர்த்து உலகம் ஆண்டுக்கு 1.6, 1.7 கோடி டன் அளவில் இறைச்சி உற்பத்தி செய்கிறது. மிகப் பெரிய உற்பத்தியாளர் சீனா, 50 லட்சம் டன்னுக்கு மேல். அவ்வளவையும் தானே சாப்பிட்டுவிட்டு, போதாமல் இறக்குமதியும் செய்கிறது. இந்தியா, துருக்கி, சூடான், நைஜீரியா எல்லாம் பெரிய மந்தை வைத்திருக்கும் நாடுகள். ஆனால் அங்கே வெட்டும் கறியில் பெரும்பங்கு உள்ளூர்ச் சட்டிக்கே போகிறது. நாட்டின் எல்லையைத் தாண்டி விற்பனைக்கு வருவது மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. அந்தச் சின்னப் பங்கிலும் முக்கால்வாசியை ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்ற இரண்டே நாடுகள்தான் அனுப்புகின்றன.

அதனால்தான் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தின் மேற்கில் மழை பொய்த்தால், துபாய் சூப்பர் மார்க்கெட்டிலும் லண்டனின் ஈஸ்டர் விருந்திலும் விலைச்சீட்டு மாறுகிறது. இவ்வளவு மெலிந்த சந்தையில் வரத்து கொஞ்சம் அசைந்தாலே விலை எகிறும், இல்லையென்றால் குப்புற விழும்.

[திரையில்: காய்ந்த மேய்ச்சல் நிலம், அடுத்து அதே நிலம் பச்சையாக]

சரி, புல்லுக்கு வருவோம். மழை இல்லை, மேய்ச்சல் இல்லை, வைக்கோல் விலை ஏறுகிறது. விவசாயி என்ன செய்வார்? ஆட்டை விற்பார். எல்லோரும் ஒரே வாரத்தில் விற்றால் இறைச்சிக்கூடத்தின் வாசலில் வரிசை நிற்கும், விலை சரியும். 2023-இல் நடந்தது அதுதான். அதற்கு முந்தைய மூன்று ஆண்டும் நல்ல மழை, மந்தை பெருகியிருந்தது. செப்டம்பரில் வானிலை நிலையம் எல் நினோ (பசிபிக் கடல் சூடாகி ஆஸ்திரேலியாவில் மழையைக் குறைக்கும் நிலை) வந்துவிட்டது என்று அறிவித்ததும் பயத்திலேயே ஏராளமான ஆடுகள் சந்தைக்கு வந்தன. வறட்சியைவிட வறட்சி பற்றிய பயம் விலையை வேகமாக இறக்கும் என்பது என் எண்ணம்.

அடுத்து 2024-இலும் 2025-இலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு விக்டோரியாவிலும் நிஜமாகவே கடும் வறட்சி. மீண்டும் விற்றார்கள். 2024-இல் ஆஸ்திரேலியா ஏற்றுமதி செய்த குட்டிக்கறி மட்டும் 3.5 லட்சம் டன்னுக்கு மேல், அதுவரை காணாத அளவு. வாங்கும் நாடுகள் மலிவான கறிக்குப் பழகிக்கொண்டன. ஆனால் அந்தக் கப்பல்களில் போனது அந்த வருட வருமானம் மட்டுமல்ல, குட்டி ஈன வேண்டிய தாய் ஆடுகளும் சேர்ந்தே போயின. விதைநெல்லையும் சேர்த்து அளந்து கொடுத்த கதை.

இந்தச் சந்தையில் கவனிக்க வேண்டிய இடமே இதுதான். மழை திரும்பியதும் விலை இறங்க வேண்டும் என்றுதானே தோன்றும்? இறங்காது. புல் வந்த முதல் வாரத்திலிருந்து விவசாயி பெட்டைக்குட்டிகளை விற்காமல் நிறுத்திக்கொள்வார். ஏற்கெனவே குறைந்துபோன வரத்து இன்னும் குறையும், விலை இன்னும் ஏறும். நிறுத்திய பெட்டைக்குட்டி மெரினோ இனமாக இருந்தால் ஒன்றரை வயதில் கிடாவுடன் சேர்ப்பார்கள். சினைக்காலம் ஐந்து மாதம். பிறந்த குட்டி விற்பனை எடைக்கு வர இன்னொரு ஆறு மாதமாவது ஆகும். ஆறு மாதக் குட்டியை இன்று நிறுத்திவைத்தால், அதன் குட்டி கடைக்கு வர ஏறக்குறைய இரண்டு ஆண்டு. கோழிப்பண்ணையில் குஞ்சு ஆறு வாரத்தில் கறிக்குத் தயாராகிவிடும்.

[திரையில்: நியூசிலாந்து மலைச்சரிவு, பாதி புல், பாதி பைன் மரம்]

நியூசிலாந்தின் கதை வேறு. அங்கே ஆடுகளின் எண்ணிக்கை ஏறி இறங்குவது இல்லை, இறங்குமுகம் மட்டும்தான். 1882-இல் ‘டனீடின்’ என்ற பாய்மரக் கப்பல் உறைய வைத்த ஆட்டிறைச்சியை ஏற்றிக்கொண்டு போர்ட் சால்மர்ஸ் துறைமுகத்திலிருந்து லண்டன் போய்ச் சேர்ந்தது. அந்த நாட்டின் பொருளாதாரமே அந்தப் பயணத்திலிருந்துதான் எழுந்தது என்று சொல்லலாம். சரியாக நூறு ஆண்டு கழித்து, 1982-இல், அங்கே 7 கோடி செம்மறிகள். இன்று இரண்டரைக் கோடியும் இல்லை.

காரணம் ஒன்றல்ல. 1973-இல் பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தபோது பழைய வாடிக்கையாளரின் கதவு பாதி மூடியது. 1984-இல் வந்த அரசு விவசாய மானியத்தை வெட்டியது. சமவெளி நிலங்கள் பால் பண்ணைக்குப் போயின. மிச்சமிருந்த மலைச்சரிவுகளை இப்போது பைன் மரம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மரம் வளர்த்துக் கார்பன் வரவு (மரம் உறிஞ்சும் கரியமில வாயுவுக்காகக் கிடைக்கும், விற்கக்கூடிய சீட்டு) விற்றால் ஆட்டைவிட லாபம் என்ற கணக்கு. முழுப் பண்ணைகளே காடாக மாறுவதைக் கண்டு பயந்துதான், அதற்குக் கட்டுப்பாடு கொண்டுவருவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது.

இதில் கம்பளியை மறந்துவிடக்கூடாது. நியூசிலாந்தின் பெரும்பாலான ஆடுகள் தருவது கம்பளம் நெய்யும் முரட்டுக் கம்பளி. செயற்கை நூல் வந்தபின் அதற்கு மதிப்புப் போய்விட்டது. பல ஆண்டுகள், ஆட்டின் ரோமத்தைக் கத்தரிக்கிறவருக்குக் கொடுத்த கூலி, அந்தக் கம்பளி விற்ற பணத்தைவிட அதிகமாக இருந்தது. ஆனாலும் கத்தரிக்காமல் விட முடியாது. ஈ முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். ஒரு காலத்தில் ஆடு வளர்ப்பதற்கே காரணமாக இருந்த பொருள் செலவுக் கணக்குக்குப் போனது. ஆஸ்திரேலியாவில் பலர் தானாகவே ரோமம் உதிர்க்கும் டார்ப்பர் போன்ற இனங்களுக்கு மாறுவதும் இதனால்தான்.

ஒரு விஷயத்தில் நியூசிலாந்து விவசாயிகளுக்குச் சபாஷ் போட வேண்டும். ஆடு மூன்றில் ஒன்றாகக் குறைந்தாலும் கறி அந்த அளவுக்குக் குறையவில்லை. இரட்டைக் குட்டி ஈனும் ஆடுகளைத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள், குட்டியின் எடையையும் கூட்டினார்கள். ஆனால் அந்த வழியில் போகக்கூடிய தூரத்தில் பெரும்பகுதி கடந்தாகிவிட்டது.

[திரையில்: ஒரு குட்டியின் படம், ஒவ்வொரு பாகமாகப் பிரிந்து வெவ்வேறு நாடுகளுக்கு]

இப்போது வாங்குகிறவர்கள் பக்கம். ஒரு குட்டியை முழுசாக ஒரே நாடு வாங்குவது குறைவு. தொடை பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும். எலும்போடு கூடிய சாப்ஸ் வரிசை அமெரிக்க, ஐரோப்பிய ஓட்டல்களுக்கு, இருப்பதிலேயே அதிக விலையில். கொழுப்பு மிகுந்த வயிற்றுப்புறச் சதை சீனாவுக்கு. அங்கே அதைச் சுருட்டி உறைய வைத்துக் காகிதம்போலச் சீவி, மேசையில் கொதிக்கும் ஹாட்பாட் குழம்பில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்கு முழு உடலாகவே, பெரும்பாலும் விமானத்தில், குளிர்ச்சியாக. அபுதாபியிலோ தோஹாவிலோ வேலை பார்க்கும் நம்மவர்கள் கடையில் ‘ஆஸ்திரேலியன் மட்டன்’ என்று கேட்டு வாங்கும் கறி இந்த வழியில்தான் வருகிறது.

இதில் ஒரு கால் ஆடினால்கூட முழுக் குட்டியின் விலையும் ஆடும். 2018 ஆகஸ்டில் சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நுழைந்து பன்றிகள் கூட்டம் கூட்டமாகச் செத்தபோது, பன்றிக்கறிக்கு மாற்றுத் தேடி அந்த நாடு ஆட்டுக்கறியையும் அள்ளியது. 2019-இல் விலை பறந்தது. பிறகு சீனாவின் வீட்டுமனைத் தொழில் படுத்து, மக்கள் வெளியே சாப்பிடுவதைக் குறைத்தார்கள். அதிகம் அடிபட்டது சீனாவையே பெரிதும் நம்பியிருந்த நியூசிலாந்து. அமெரிக்கா நேர்மாறு. அங்கே உண்ணும் குட்டிக்கறியில் பாதிக்கு மேல் இறக்குமதி, உள்ளூர் மந்தையோ பல பத்தாண்டுகளாகத் தேய்ந்து வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் 10 சதவீத வரி போட்டும் வாங்குவது நிற்கவில்லை.

இந்தியாவையும் சொல்லிவிடலாம். 2022 டிசம்பர் 29-இல் அமலுக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலியச் செம்மறி இறைச்சிக்கு இருந்த 30 சதவீத வரி நீங்கியது. அதற்காகத் தெருக்கோடிக் கறிக்கடையில் ஆஸ்திரேலிய ஆடு தொங்கப்போவதில்லை. வருவது நட்சத்திர ஓட்டல்களுக்கான உயர்ரகத் துண்டுகள்தான்.

[திரையில்: மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் துறைமுகம், ஆடு ஏற்றும் கப்பல்]

இனி என்ன? எண்ணிக்கை குறையும் நாடுகளின் பட்டியல் நீளம்: நியூசிலாந்து, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா. பெருக வாய்ப்புள்ள ஆஸ்திரேலியாவிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. உயிருள்ள செம்மறிகளைக் கடல்வழி ஏற்றுமதி செய்வதை 2028 மே 1 முதல் தடை செய்யும் சட்டம் 2024-இல் நிறைவேறியது. 2017-இல் ‘அவாசி எக்ஸ்பிரஸ்’ கப்பலில் வெயில் தாங்காமல் 2,400 ஆடுகள் செத்த காட்சி தொலைக்காட்சியில் வந்தபின் எழுந்த கோபம் அந்தச் சட்டம்வரை கொண்டுவந்தது. அந்த வியாபாரத்தை நம்பியிருந்த மேற்கு ஆஸ்திரேலிய விவசாயிகள் பலர் தேதி வரும்வரை காத்திராமல் மந்தையைக் குறைத்து, கோதுமை விதைக்கப் போய்விட்டார்கள். தடை நியாயமா என்பது தனி விவாதம். ஆனால் டிராக்டருக்கும் விதைப்புக் கருவிக்கும் கடன் வாங்கிய பண்ணைக்கு ஆடு லேசில் திரும்பாது.

தேவை வளரும், மக்கள்தொகை கூடுகிறது, ஆசியாவில் வருமானம் ஏறுகிறது என்று சொல்லப்படும் ஆருடங்களை நான் பாதிதான் நம்புகிறேன். செம்மறி விலை ஓர் அளவுக்கு மேல் போனால் மக்கள் சத்தமில்லாமல் கோழிக்கு மாறிவிடுவார்கள். கோழியோ மாட்டிறைச்சியோ உலக விருந்தில் பெரிய ஆள். செம்மறியையும் வெள்ளாட்டையும் சேர்த்தாலே மொத்த இறைச்சியில் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். ஆக, விலைக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. கீழே விழாமல் தாங்குவது வரத்துப் பஞ்சம்.

இந்தத் துறையில் வியாபாரம் செய்கிறவராக இருந்தால், ஆஸ்திரேலியாவில் வாராவாரம் எத்தனை ஆடு வெட்டுகிறார்கள் என்ற கணக்கோடு, அதில் தாய் ஆடு எவ்வளவு என்றும் பாருங்கள். தாய் ஆடு வெட்டுவது குறைய ஆரம்பித்தால் மந்தையை மீண்டும் பெருக்குகிறார்கள் என்று அர்த்தம்; அடுத்த இரண்டு ஆண்டுக்குச் சரக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே நல்ல மழை என்று செய்தி வந்தால், கறி மலியும் என்று நினைத்து ஒப்பந்தத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.