திரி என்னும் சொல்

அவையோருக்கு வணக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஈரெழுத்துச் சொல் ஒன்றைப் பற்றி. திரி என்பது அச்சொல்.

கார்த்திகை மாலையில் வீட்டுப் பெரியவர்கள் விளக்குத் திரி உருட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். பஞ்சிலிருந்து கொட்டையை நீக்கி, நீளவாக்கில் மெல்ல இழுத்து, விரலில் சிறிது திருநீறு தொட்டுக்கொண்டு, உள்ளங்கையால் ஒரே பக்கமாக உருட்டுவார்கள். கை பின்னோக்கி உருட்டினால் ஏறிய முறுக்கு அவிழ்ந்துவிடும். திரிக்கப்பட்டது என்பதனாலேயே அது திரி எனப் பெயர் பெற்றது. வினையே பொருளுக்குப் பெயராகி நின்றது.

'திரிந்தான்' என்றால் தானே சுற்றினான். 'திரித்தான்' என்றால் பிறிதொன்றைச் சுற்றச் செய்தான். கயிறு திரிக்கிறோம். திருநெல்வேலிப் பக்கம் மாவு அரைப்பதை இன்றும் 'மாவு திரித்தல்' என்றே சொல்கிறார்கள்; அரவை ஆலையில் மின்பொறி ஓடினாலும் சொல் மட்டும் பழைய திருவையை விட்டு நகரவில்லை. அந்தத் திருவையைச் சற்று நினைத்துப் பாருங்கள். கீழ்க்கல்லின் நடுவே ஒரு முளை. அதன்மேல் பொருந்திய மேற்கல்லின் குழியில் இடக்கை உளுந்தை இட, வலக்கை பிடியைச் சுற்ற, இரு கற்களின் இடுக்கிலிருந்து உடைந்த பருப்பு விளிம்பெங்கும் உதிரும். திரிகை என்னும் எழுத்து வழக்கே பேச்சில் திருகையாகவும் திருவையாகவும் வழங்குகிறது. பெரும்பாணாற்றுப்படை உழவர் வீட்டைச் சொல்லும்போது 'களிற்றுத்தாள் புரையும் திரிமரப் பந்தர்' என்கிறது. யானைக் காலைப் போன்று தோன்றிய அந்தத் திரிமரம் தானியம் திரிக்கும் பொறியே.

திருகு, திரும்பு, திருப்பு ஆகியவை இதன் உறவுச் சொற்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் 'திருகு' என்பது சுற்றுதலையும் திரும்புதலையும் குறிக்கிறது; மலையாளத்தில் 'திரியுக' என்கிறார்கள். ஆனால் திரிகடுகம், திரிசூலம் ஆகியவற்றில் உள்ள திரி வேறு. அது மூன்று என்னும் பொருள்தரும் வடசொல். ஒலி ஒத்திருப்பதால் இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

சக்கரம் எனப் பொருள்படும் திகிரி என்னும் அழகிய சொல்லையும் இங்கே வைத்து எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்து இடம் மாறித் திரிகு என்பது திகிரி ஆயிற்று என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார் ஒரு குயவரை நோக்கிப் பாடிய புறநானூற்று 228ஆம் பாட்டு, அவ்வளவு பெரிய மன்னனை அடக்கம் செய்யக் கவிக்கும் தாழியை வனைய விரும்பினால், 'இருநிலம் திகிரியாப் பெருமலை மண்ணா வனைதல் ஒல்லுமோ நினக்கே' என்று கேட்கிறது. நிலமே சக்கரமாகவும் மலையே மண்ணாகவும் வேண்டுமாம். அரசனின் ஆணைச் சக்கரத்துக்கும் திகிரி என்றே பெயர். இப்பாட்டிலோ குயவரின் சக்கரமே அவனுக்குத் தாழி வனைய வேண்டியிருக்கிறது. இந்தப் பாட்டை எத்தனை முறை படித்தாலும் அந்தச் சொல்லில் நான் நின்றுவிடுகிறேன்.

இனி, என்னை நெடுநாள் ஆட்கொண்ட கேள்விக்கு வருகிறேன். சுற்றுதலைக் குறிக்கும் சொல் எப்படி மாறுதலையும் கெடுதலையும் குறித்தது? சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் ஞாயிறு 'மேரு வலந்திரிதலான்' போற்றப்படுகிறது. அதே காப்பியத்தின் காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் 'முறைமையின் திரிந்து நல்லியல்பு இழந்து' பாலையாகின்றன. முதலில் திரிதல் ஒழுங்கு. பின்னர் அதுவே ஒழுங்கிழத்தல். வள்ளுவரும் 'நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்' என்று, சேர்ந்த மண்ணுக்கேற்ப நீர் தன் இயல்பு மாறுவதைச் சொல்கிறார். நாமும் பால் திரிந்துவிட்டது என்கிறோம். அந்தப் பால் எங்கும் சுற்றவில்லை.

விடையை வானத்தில் தேட வேண்டியதில்லை, கைத்தொழிலில் தேடலாம் என்று நான் கருதுகிறேன். ஞாயிறு எத்தனை முறை வலம் வந்தாலும் ஞாயிறாகவே இருக்கிறது. ஆனால் கையில் திரிந்த பஞ்சு மீண்டும் பஞ்சாக நிற்பதில்லை. கல்லில் திரிந்த உளுந்து முழு மணியாகத் திரும்புவதில்லை. திகிரியில் சுழன்ற மண் கலமாகிவிடுகிறது. நாள்தோறும் சுற்றிச் சுற்றிப் பொருள்களை உருமாற்றிய மக்களின் வாயில், சுற்றுதலைச் சொன்ன சொல் மாறுதலையும் சொல்லத் தொடங்கியது இயல்பே. நூலைத் திரிப்பவர் கையிலும் செய்தியைத் திரிப்பவர் வாயிலும் நடப்பது ஒரே செயல்தான். நேராக இருந்தது முறுக்கேறுகிறது. பொய் சொல்பவனைப் பார்த்து 'கயிறு திரிக்கிறான்' என்பது வெறும் ஏச்சன்று, துல்லியமான சொல்லாய்வு.

தொல்காப்பியர் சொற்களை நான்காக வகுத்தபோது, இயற்சொல்லுக்கு அடுத்துத் திரிசொல்லை வைத்தார். கிளி கிள்ளையானதையும் மயில் மஞ்ஞையானதையும் அதற்கு உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டினார்கள். கெட்ட சொல் என்று அவர்கள் அவற்றைத் தள்ளவில்லை. செய்யுளுக்குரிய சொல் என்று ஏற்றார்கள்.