தொப்பி வாங்கப் போகிறீர்களா, பையையும் எடுத்துக்கொள்ளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நாள்கணக்கில் நடக்கப் போகிறவர்கள் என்னிடம் காலணியைப் பற்றிக் கேட்பார்கள், முதுகுப்பையைப் பற்றிக் கேட்பார்கள். தொப்பியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கிளம்புகிற அன்று ஆணியில் தொங்குவதை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அது பெரும்பாலும் முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி. நெற்றிக்கு நிழல் உண்டு. காதும் பிடரியும் வெயிலில். காலை வேளையில் மேற்கு நோக்கி நடந்து பாருங்கள், பிடரி சொல்லும்.

ஆகவே சுற்றிலும் விளிம்பு வேண்டும். ஏழெட்டு சென்டிமீட்டர் அகலம் போதும். "இன்னும் அகலமாக இருந்தால் இன்னும் நல்லதுதானே?" என்பீர்கள். என் நண்பர் ஒருவரும் அப்படித்தான் நினைத்தார். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, பெரிய விளிம்பு வைத்த தொப்பியாக வாங்கினார். அழகாகத்தான் இருந்தது. முதல் ஏற்றம் வந்தது. பாதைக்குறி எங்கே என்று தலையை நிமிர்த்தினார். பின்விளிம்பு முதுகுப்பையில் முட்டி, தொப்பி முன்னால் சரிந்து கண்ணை மூடியது. சரிசெய்தார். பத்தடி போய் மறுபடி நிமிர்ந்தார், மறுபடி இருட்டு! ஏற்றத்தில் நிமிராமல் எப்படி நடப்பது? மதியத்துக்குள் பின்விளிம்பை மடித்து ஊக்கு குத்திவிட்டார். எதற்காக வாங்கினாரோ அந்தப் பிடரி நிழல் போயே போயிற்று.

அதனால்தான் சொல்கிறேன், தொப்பிக் கடைக்கு முதுகுப்பையோடு போங்கள். வெறும் பை தொய்ந்து கிடக்கும், அது உதவாது. பயணத்துக்குக் கட்டுகிற மாதிரியே நிரப்பிக்கொண்டு போங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். பையை மாட்டி, தொப்பியை வைத்து, கூரையை அண்ணாந்து பாருங்கள். முட்டுகிறதா? பின்பக்கம் விளிம்புக்குப் பதில் துணி தொங்கும் தொப்பியைப் பாருங்கள். திரும்பவும் சொல்கிறேன், நிரப்பிய பை.

அடுத்தது துணி. வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஒளி புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் வெயிலும் அப்படியே இறங்கும். துணி புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் எண் யு.பி.எஃப். அது 50 என்று போட்டிருந்தால் புற ஊதாக் கதிரில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் உள்ளே வராது. உச்சியில் காற்றுக்காக வலை வைத்த தொப்பிகள் உண்டு. முடி அடர்ந்தவர்கள் தாராளமாக வாங்கலாம். என் போன்ற தலைகளுக்கு அது ஆகாது. வறண்ட வெயிலில் பருத்தியை நனைத்துப் போட்டால் குளுகுளுவென்று இருக்கும். புழுக்கமான இடத்தில் அது காயவே காயாது, அங்கே நைலான்தான்.

மலைக்குப் போகிறவர்கள் விளிம்பின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது. புதுப்பனியோ தன்மேல் விழுவதில் 80 சதவீதம் வரை மேலே திருப்பி அனுப்பும். அடிப்பக்கம் கருநிறமாக இருந்தால் கண்கூச்சம் குறையும். முகத்துக்குக் களிம்பும் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியும் அப்போதும் வேண்டும்.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். தாடை நாடாவுக்கென்று ஐந்து நிமிடம் வைத்திருந்தேன்... சரி, இவ்வளவு மட்டும்: நாடா கட்டாயம் இருக்கட்டும், கிளையில் சிக்கி இழுத்தால் தானே விடுபடும் கொக்கியோடு இருக்கட்டும். அளவு, துவைப்பது எல்லாம் இன்னொரு நாள். வணக்கம்.