ஒரு பாகைப் பிசகு

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் கைப்பேசியில் வைஃபை அலையை அனுப்பவும் வாங்கவும் செய்கிற டிரான்சீவர், சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சில்லுக்குள் அடங்கிவிடுகிறது. 1918-இல் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறையில், வரும் அலையை முதலில் ஓர் இடைநிலை அலைவெண்ணுக்கு இறக்கி, வேண்டாததைத் தனி வடிகட்டிகளால் ஒதுக்குவார்கள். அத்தகைய வடிகட்டிகளைச் சில்லுக்குள் அடக்குவது கடினம் என்பதால், இன்றைய சில்லுகள் பலவும் அலையை ஒரே படியில் கீழே இறக்குகின்றன. அப்படி இறக்கும்போது அலையை இரு பாதைகளில் பிரித்து, ஒன்றை மற்றொன்றிலிருந்து சரியாக 90 பாகை தள்ளி ஓட்ட வேண்டும்.

அந்தச் ‘சரியாக’ என்பதுதான் சில்லுகளை வடிவமைக்கும் எங்கள் தொழிலின் தலைவலி. 2.4 கிகாஹெர்ட்ஸில் அலையின் ஒரு சுற்றுக்குச் சுமார் 417 பைக்கோ நொடி ஆகும். ஒரு பாகை என்பது அதில் 1.16 பைக்கோ நொடிதான். இரு பாதைகளையும் எவ்வளவு சமச்சீராக வரைந்தாலும், வார்ப்பில், அதாவது ஆலையில் சில்லைத் தயாரிக்கும்போது, டிரான்சிஸ்டருக்கு டிரான்சிஸ்டர் சற்றே மாறும். ஒரு பாகைப் பிசகோடு, இரு பாதைகளும் அலையைப் பெரிதாக்கும் அளவில் ஒரு சதவீத வேறுபாடும் சேர்ந்தால், உண்மை அலையின் ஆற்றலில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குள்ள பொய்ப் பிம்பம் நடு அலைவெண்ணின் எதிர்ப்பக்கத்தில் முளைக்கும். அதாவது 40 டெசிபெல் கீழே. இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் வைஃபை 6-இன் உச்ச வேகத்தில், அனுப்பியின் எல்லாப் பிழைகளும் சேர்ந்தே 35 டெசிபெல்லுக்குக் கீழே நிற்க வேண்டும். அந்த ஒதுக்கீட்டில் மூன்றில் ஒரு பங்கை இந்தப் பிம்பமே தின்றுவிடும்.

ஆகவே சில்லு தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. ஒரு சோதனைத் தொனியை ஆண்டெனாவுக்கு விடாமல் அனுப்பியிலிருந்து ஏற்பிக்கு உள்ளேயே திருப்பி, தெரியும் பிம்பத்தை அளந்து, அதற்கு எதிரான பிழையை வேண்டுமென்றே கலந்து அடக்குவதையே காலிபிரேஷன் என்கிறோம்.

முதன்முதலில் நான் இதைச் செய்தபோது, பிம்பம் மறைந்துவிட்டதாகச் சில்லு சொன்னது. எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஆற்றல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் மேசையில் இருந்தது; அதுவோ 28 டெசிபெல் கீழே அதை அப்படியே காட்டியது. அனுப்பியின் பிழையும் ஏற்பியின் பிழையும் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு எங்களை ஏமாற்றியிருந்தன. இரு திருடர்கள் ஒருவருக்கொருவர் சாட்சி சொன்ன கதைதான்.

தீர்வு எளியது. திரும்பும் பாதையில் அலையை 90 பாகை தள்ளி இன்னொரு முறை அளந்தால், அனுப்பியின் பிம்பம் உண்மை அலையோடு சேர்ந்தே நகரும். அதோடு ஒப்பிடுகையில் ஏற்பியின் பிம்பம் மட்டும் குறி மாறும். இரு அளவுகளைக் கூட்டினால் ஒன்றும், கழித்தால் மற்றொன்றும் தனியே கிடைக்கும்.

ஆனால் அலையைத் தள்ளும் அந்தச் சுற்று எங்கள் சில்லில் இல்லை. மென்பொருளால் அதை வரவழைக்க முடியாது. வரைபடத்தில் சேர்த்து, மீண்டும் வார்ப்புக்கு அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்தோம். அன்று முதல், எந்தப் பெருக்கியை வரைவதற்கு முன்பும், அதன் பிழையை எந்த வழியாக அளப்போம் என்பதைத்தான் முதலில் வரைகிறேன்.