கட்லரின் இடது முட்டி

நண்பர்களே, இன்றைக்குப் பேசப்போவது நாம் காலால் உதைக்கிற கால்பந்து இல்லை, கையால் எறிகிற அமெரிக்கக் கால்பந்து. அதில் பந்தை வாங்கி எறிகிற ஆளுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவரைத் தரையில் சாய்க்கவே நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையில் நாலைந்து பேர் பாய்ந்து வருவார்கள். எறிவதற்கு முன்பே சாய்த்துவிட்டால் அது ‘சாக்’. இவ்வளவு தெரிந்தால் போதும்.

2011 ஜனவரி 23, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு மைதானம். பேர்ஸ் அணியும் கிரீன் பே பேக்கர்ஸும் மோதுகின்றன. ஜெயித்தால் சூப்பர் போல், அதாவது லீகின் இறுதி ஆட்டம். முதல் பாதியில் பேர்ஸின் குவார்ட்டர்பேக் ஜே கட்லருக்கு இடது முட்டியில் அடி. இடைவேளைக்குப் பிறகு ஒரு முறை இறங்கிப் பார்த்தார். முடியவில்லை, வெளியேறினார். பேர்ஸ் 21-14 எனத் தோற்றது. ஆட்டம் முடிவதற்குள்ளேயே வேறு அணி வீரர்கள் ட்விட்டரில் அவரைக் கோழை என்கிற தொனியில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ரசிகர்கள் அவருடைய ஜெர்சியைக் கொளுத்தினார்கள். மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது எம்.சி.எல்.லில் இரண்டாம் நிலைக் கிழிசல் என்று தெரிந்தது.

எம்.சி.எல். என்பது முட்டியின் உள்பக்கம் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிடித்திருக்கிற ஜவ்வு. முட்டி உள்பக்கமாக மடங்கிவிடாமல் தடுப்பது அதன் வேலை. சோதிக்கும் முறை எளிது. ஆளைப் படுக்கவைத்து, முட்டியைச் சுமார் 30 டிகிரி மடக்கி, வெளிப்பக்கம் ஒரு கையை அண்டக் கொடுத்து, மறு கையால் கணுக்காலை வெளியே தள்ளுவார் மருத்துவர். வலி மட்டும் இருந்து மூட்டு திறக்காவிட்டால் முதல் நிலை. கொஞ்சம் திறந்து, முடிவில் ஒரு பிடிப்பு தட்டுப்பட்டால் இரண்டாம் நிலை. பிடிப்பே இல்லாமல் ஆடினால் மூன்றாம் நிலை, அதாவது முழுக் கிழிசல்.

இந்த ஜவ்வு பெரும்பாலும் மூட்டுக்கூட்டுக்கு வெளியே இருக்கிறது. முட்டிக்கு நடுவே இருக்கிற ஏ.சி.எல். என்கிற ஜவ்வு அறுந்தால் மூட்டுக்குள் ரத்தம் கட்டிச் சில மணி நேரத்தில் முட்டி பூசணிக்காய் போல வீங்கும். எம்.சி.எல்.லில் அந்த அளவு வீக்கம் பெரும்பாலும் வராது. ஆள் நிற்கலாம், நேராக நடக்கலாம், நிலைச் சைக்கிள் மிதிக்கலாம். அன்றைக்கு ஓரக்கோட்டில் கட்லர் அந்தச் சைக்கிளில்தான் ஏறிப் பார்த்தார். கேமரா அதைக் காட்டியது. ‘சைக்கிள் மிதிக்கிறவன் ஆட மாட்டானா’ என்று வீட்டில் சோபாவில் இருந்தவர்கள் கேட்டார்கள். மிதிக்கும்போது முட்டி ஒரே தளத்தில் மடங்கி நீள்கிறது. உள்பக்க ஜவ்வுக்கு அங்கே வேலையே கிடையாது. திரும்பும்போதும் ஊன்றும்போதும்தான் அது மாட்டிக்கொள்ளும்.

கட்லர் வலது கையால் எறிபவர். அப்படி எறிகிறவர் வலது காலால் தள்ளி, இடது காலை முன்னே ஊன்றி, ஊன்றிய காலின் மேல் இடுப்பைச் சுழற்றுகிறார். எறிகிற வேகம் தோளில் மட்டும் இல்லை, அந்த ஊன்றலிலும் இருக்கிறது. ஊன்றுகால் உள்ளே சாய்ந்தால் இடுப்பு முழுதாகத் திரும்பாது. கை தனியாக இழுத்து எறியும். பந்து தலைக்கு மேலே போகும், அல்லது ஓடுகிறவருக்கு இரண்டடி பின்னால் விழும். அந்த இரண்டடிதான் எதிரணிக்காரர் கையில் சிக்கும் இன்டர்செப்ஷன். போதாததற்கு, பாய்ந்து வருகிறவரிடமிருந்து பக்கவாட்டில் ஒரு எட்டு நகரவும் அதே கால்தான் வேண்டும்.

கட்லரைத் திட்டியவர்கள் எடுத்துக்காட்டியது இன்னொரு குவார்ட்டர்பேக்கான ஃபிலிப் ரிவர்ஸை. 2008 ஜனவரி 20 அன்று, சான் டியேகோ சார்ஜர்ஸுக்காக, ஏ.சி.எல். அறுந்த முட்டியோடு பேட்ரியாட்ஸுக்கு எதிராக முழு ஆட்டமும் ஆடியவர் அவர். ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் முட்டிக்குள் சிறு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. அது துணிச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவருக்கு அடிபட்டது வலது முட்டி, பின்னால் இருக்கிற தள்ளுகால். முடிவெடுக்கவும் முட்டியைத் தயார் செய்யவும் ஒரு வாரம் கிடைத்தது. கட்லருக்குக் கிடைத்தது ஓர் இடைவேளை. ரிவர்ஸின் கணக்கையும் பார்த்துவிடுவோம்: 37 எறிந்து 19 சக வீரர் கையில் சேர்ந்தன, எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைச் சேர்க்கிற டச்டவுன் ஒன்றுகூட இல்லை, இன்டர்செப்ஷன் இரண்டு. சார்ஜர்ஸ் 21-12 எனத் தோற்றது.

அதற்கு நேர் எதிர்க் கதை ராபர்ட் கிரிஃபின். வாஷிங்டன் அணியின் புதுமுகம், அந்த ஆண்டின் நட்சத்திரம். 2012 டிசம்பரில் வலது முட்டியின் வெளிப்பக்க ஜவ்வில் அடி. ஒரே ஒரு ஆட்டம் ஓய்வு, பிறகு முட்டிப்பட்டை கட்டிக்கொண்டு மறுபடி களம். 2013 ஜனவரி 6 அன்று சீஹாக்ஸுக்கு எதிராக, ஆட்டத்தின் நான்கு கால்பகுதிகளில் முதலாவதிலேயே நொண்டினார். அந்தக் கால்பகுதி முடிவில் அணி 14-0 என முன்னிலையில் இருந்தது, அவரை வெளியே எடுக்கவில்லை. நான்காம் கால்பகுதியில், தவறி வந்த பந்தைப் பொறுக்கத் திரும்பினார். யாரும் தொடாமலே முட்டி மடங்கியது. 24-14 எனத் தோல்வி. மூன்று நாளில் அறுவை சிகிச்சை: வெளிப்பக்க ஜவ்வைச் சீர்செய்து, கல்லூரிக் காலத்தில் ஒருமுறை மாற்றிய ஏ.சி.எல்.லை மறுபடியும் மாற்றினார்கள். அந்தப் பழைய ஓட்டம் அவருக்குத் திரும்பவே இல்லை.

நீடித்தவருக்கு அன்று மாலை கைதட்டிவிட்டு மறுநாள் பயிற்சியாளரைத் திட்டினோம். விலகியவரையோ அன்று மாலையே திட்டிவிட்டோம். வலியைத் தாங்கினாரா என்பது கேள்வியே அல்ல என்பேன். வலியை ஊசி போட்டு மறைக்கலாம், ஆடுகிற மூட்டை ஊசி இறுக்காது. அதனால் இந்த முடிவை ஆட்டக்காரர் வாயிலிருந்து வாங்கக் கூடாது. ஆடுவேன் என்றுதான் அவர் சொல்வார்.

கட்லர் மீதான கோபத்துக்கு முட்டி பாதிக் காரணம்தான். மீதி அவர் முகம். சலிப்பு படிந்த முகம், பேட்டியில் ஒற்றைச் சொல் பதில். அன்று பெஞ்சில் துக்கம் காட்டியிருந்தால் ஜெர்சி எரிந்திருக்காது. இவரையா மென்மையானவர் என்றார்கள்? 2010 பருவத்தில் 52 முறை சாக் ஆனவர், லீகிலேயே அதிகம். அக்டோபர் 3 அன்று நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக முதல் பாதியில் மட்டும் 9 முறை, மூளை அதிர்ச்சியோடு வெளியேறும் வரை. முதல் வகைச் சர்க்கரை நோயாளி வேறு. ஆட்டத்துக்கு நடுவே விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தவர்.

பேக்கர்ஸ் ஆட்டத்தன்று இன்னொன்றும் கவனிக்கப்படவில்லை. மாற்றாக வந்த டாட் காலின்ஸ் எறிந்த நான்கும் சேரவில்லை. மூன்றாவது ஆளான கேலப் ஹேனி மூன்றாம் கால்பகுதி முடிவதற்குள்ளேயே இறக்கப்பட்டார். அன்றைய விதிப்படி அப்படி இறக்கினால் முதல் இருவரும் திரும்பி வர முடியாது. அதன் பிறகு கட்லர் மனம் மாறியிருந்தாலும் களத்தில் இறங்கியிருக்க முடியாது.

2011 நவம்பர் 20 அன்று சார்ஜர்ஸுக்கு எதிராக, தன் பந்தைப் பிடித்து ஓடியவரைத் தடுக்கப் போய், எறிகிற கையின் கட்டைவிரலை உடைத்துக்கொண்டார் கட்லர். உடைந்த விரலோடு அந்த ஆட்டத்தை முடித்தும் கொடுத்தார். பேர்ஸ் 31-20 என வென்றது. அப்போது அணியின் கணக்கு ஏழு வெற்றி, மூன்று தோல்வி. கட்லர் அறுவை சிகிச்சைக்குப் போக, அடுத்த ஐந்தையும் பேர்ஸ் வரிசையாகத் தோற்றது.