அம்மம்மா ஃபனட்டிக்கா? சமயத்தைப் பற்றி ஆங்கிலத்தில கதைக்கிறது எப்பிடி

[திரையில்: ஒரு கொப்பித் தாள். ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.]

வணக்கம் பிள்ளையள். போன கிழமை திருத்தின கட்டுரைக் கொப்பி ஒண்டில இப்பிடி ஒரு வசனம் கிடந்தது: "மை க்ராண்ட்மதர் இஸ் எ ஃபனட்டிக் ஒஃப் லோர்ட் முருகன்."

எழுதின பிள்ளைக்கு அம்மம்மாவில உயிர். நல்லூர்த் திருவிழா 25 நாளும் விடியக் கருக்கலில எழும்பிக் கோயிலடிக்குப் போற மனிசி அவ. அதைத்தான் பிள்ளை சொல்ல வந்தது. ஆனால் ஆங்கிலம் தெரிஞ்ச ஆரும் இதை வாசிச்சால், அம்மம்மா அயலட்டையோட சமயச் சண்டைக்குப் பொல்லோட நிக்கிறா எண்டுதான் நினைப்பினம்.

வட்டத்தைப் போட்டிட்டு யோசிச்சன். பழைய ரோமாபுரியில எழுதியிருந்தால் இந்தப் பிள்ளைக்கு முழுப் புள்ளியும் குடுத்திருக்க வேணும்.

லத்தீனில ஃபானும் எண்டால் கோயில். ஃபனாட்டிகுஸ் எண்டால் தெய்வம் ஏறி ஆடுற ஆள். எங்கட ஊரில "கலை வந்திட்டுது", "உரு வந்திட்டுது" எண்டு சொல்லுவமே, அதேதான். வெறியன் எண்ட கருத்து பிறகு ஏறினது. அம்மம்மாவுக்குப் பொருத்தமான சொல் டிவவுட்: "ஷீ இஸ் எ டிவவுட் ஹிண்டு." மரியாதையான சொல், எங்கையும் தைரியமாப் பாவிக்கலாம்.

[காட்சி: நல்லூர்க் கோயில் வாசல். ஆண்கள் சேட்டைக் கழட்டிக் கையில் பிடித்தபடி உள்ளே போகிறார்கள். ஒருவர் மட்டும் கச்சான் கடைப் பக்கம் நிற்கிறார்.]

அதே ஃபானும் எண்ட சொல்லுக்கு முன்னால ப்ரோ எண்டதைப் போடுங்கோ. ப்ரஃபேன். கோயிலுக்கு முன்னால, அதாவது உள்ளுக்குப் போகாமல் வெளியில நிக்கிறது. சேட்டுக் கழட்ட மனமில்லாமல் கச்சான் கொறிச்சுக்கொண்டு நிக்கிறார் பாருங்கோ, சொல்லின்ர பிறப்புப்படி அவர்தான் ப்ரஃபேன். சமூகவியல் படிக்கிற ஆக்கள் எமில் டர்க்கைமைப் படிக்கேக்க சேக்ரட், ப்ரஃபேன் எண்ட சோடியைக் காணுவியள். அங்க ப்ரஃபேன் எண்டது திட்டு இல்லை. புனிதத்துக்கு வெளியில இருக்கிற சாதாரண வாழ்க்கை, அவ்வளவுதான். ஆனால் ப்ரஃபேனிட்டி எண்டு சொன்னால் கெட்ட வார்த்தை. தூஷணம்.

இந்தத் தூஷணத்தில கொஞ்சம் நிக்கப் போறன், குறை நினைக்காதேங்கோ. இண்டைக்கு யாழ்ப்பாணத்தில "தூஷணம் கதைக்கிறான்" எண்டால் பச்சை பச்சையாப் பேசுறான் எண்டு கருத்து. 1854இல ஆறுமுக நாவலர் வெளியிட்ட நூலின்ர பேர் "சைவதூஷண பரிகாரம்". அங்க தூஷணம் எண்டது சமயத்தை நிந்திச்சுப் பேசின பேச்சு. தமிழ் வேதாகமத்தில தேவதூஷணம் எண்டு வாறதும் அதுதான்; ஆங்கிலத்தில பிளாஸ்ஃபமி. புனிதத்தைப் பழிச்ச சொல் காலப்போக்கில வெறும் கெட்ட வார்த்தையா இறங்கிப் போச்சு. ப்ரஃபேனிட்டி வந்த ஒழுங்கையாலதான் எங்கட தூஷணமும் வந்திருக்கு.

[திரையில்: நாவலர் சிலை.]

நாவலர் வந்திட்டார், அவரை வைச்சே அடுத்த சொல்லுகளைப் பாப்பம். 1822இல நல்லூரில பிறந்தவர். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரோட இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்பில வேலை செய்தவர். பிறகு அதே பாதிரிமாரின்ர பிரசாரத்துக்கு மறுப்பு எழுதினவர். இப்பிடி ஒருத்தருக்கு ஆங்கிலத்தில என்ன பேர்? அப்பொலஜிஸ்ட். கேட்ட உடன "மன்னிப்புக் கேக்கிறவரோ" எண்டு நினைக்காதேங்கோ. கிரேக்கத்தில அப்பொலொகியா எண்டால் வழக்கில குற்றஞ்சாட்டப்பட்டவர் சொல்லுற எதிர்வாதம். தன்ர சமயத்துக்காக நியாயம் எடுத்துப் பேசுற ஆள் அப்பொலஜிஸ்ட், அந்தக் கலை அப்பொலஜெட்டிக்ஸ். "நாவலர் வோஸ் எ சைவா அப்பொலஜிஸ்ட்" எண்டு எழுதினால் அவரை உயர்த்தித்தான் எழுதிறியள். எதிராளியைத் தாக்கி எழுதினால் அது பொலெமிக். கிரேக்கத்தில பொலெமொஸ் எண்டால் யுத்தம். நாவலர் இரண்டிலயும் கெட்டிக்காரர். பொலெமிக்கில ஒரு பிடி கூட எண்டது என்ர அபிப்பிராயம்.

அந்தப் பக்கத்து ஆக்கள் செய்ததுக்கு என்ன சொல்? 1816இல அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்தது, 1823இல வட்டுக்கோட்டையில செமினரி. அவையளே சொன்னால் இவாஞ்சலைஸ், நற்செய்தி சொல்லுறம் எண்டு. வெளியில நிண்டு பிடிக்காமல் பாக்கிற ஆள் சொன்னால் ப்ரொசலிட்டைஸ், ஆக்களைச் சமயம் மாத்தப் பாக்கினம் எண்டு. வேலை ஒண்டு, சொல் இரண்டு. நீங்கள் எந்தச் சொல்லை எடுக்கிறியளோ அதிலயே நீங்கள் எந்த வாசலில நிக்கிறியள் எண்டு கேக்கிற ஆளுக்குத் தெரிஞ்சிடும். நடுவில நிக்க வேணுமெண்டால் மிஷனரி வேர்க் எண்டு சொல்லிப் போட்டு விடுங்கோ.

ஐடல் எண்டதும் அப்பிடித்தான். பழிக்கிறதுக்கு எண்டே வளர்ந்த சொல் அது. எங்கட ஆக்களே "வீ வேர்ஷிப் ஐடல்ஸ்" எண்டு பெருமையாச் சொல்லேக்க எனக்குப் பல்லுக் கூசும். மூர்த்தி எண்டு அப்பிடியே சொல்லுங்கோ, இல்லாட்டி டெய்ட்டி, சேக்ரட் இமேஜ்.

[காட்சி: தூக்குக்காவடி. வெளி வீதியில் பிரதட்டை பண்ணுகிறவர்கள்.]

வெளிநாட்டுப் படப்பிடிப்பாளர்கள் தூக்குக்காவடிப் படத்துக்குக் கீழ பெனன்ஸ் எண்டு எழுதுவினம். பெனன்ஸ் எண்டால் செய்த பாவத்துக்காக ஏற்கிற வருத்தம். காவடி எடுக்கிற பெடியன் என்ன பாவம் செய்தவன்? அவனுக்கு வருத்தம் மாறினால் காவடி எடுக்கிறன் எண்டு தாய் நேர்த்தி வைச்சவ. நேர்த்திக்கு ஆங்கிலத்தில வவ். "ஹீ இஸ் ஃபுல்ஃபில்லிங் எ வவ்." நேர்த்திக்காகக் குடுக்கிற பொருள் வோட்டிவ் ஒஃபரிங். லத்தீன் வோட்டும், நேர்த்தி எண்டதில இருந்துதான் தேர்தலில போடுற வோட்டும் பிறந்தது. தமிழிலயும் குடுத்த வாக்கும் போட்ட வாக்கும் ஒரே சொல்தான். இதில எவர் எதைக் காப்பாத்தினவர் எண்டதை நான் சொல்ல வரேல்லை.

இனிச் சாப்பாடு. "நான் சைவம்" எண்டால் எங்களுக்கு இரண்டு கருத்து, ஆங்கிலத்தில இரண்டு சொல்: ஷைவைட், வெஜிடேரியன். அதே மாதிரி விரதம் எல்லாத்துக்கும் ஃபாஸ்டிங் சரிவராது. கந்தசஷ்டிக்கு ஒரு நேரத்தோட இருந்தால் ஃபாஸ்டிங். நல்லூர்க் கொடி ஏறினாப் பிறகு மச்சத்தைத் தொடாமல் மூண்டு நேரமும் வடிவாச் சாப்பிட்டால் அது அப்ஸ்டினன்ஸ். பெரிய வெள்ளிக்குக் கத்தோலிக்கர் இரண்டையும் சேர்த்துச் செய்யிறவை, அவையளுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ஆக்களைச் சொல்லுற வேற சில சொல்லுகள், கெதியாச் சொல்லுறன். சமயக் கடமைகளை ஒழுங்காச் செய்யிறவர் ப்ராக்டிசிங். பேருக்கு மட்டும் எண்டால் நொமினல். முந்திப் போய் இப்ப விட்டவர் லாப்ஸ்ட், பெரும்பாலும் கத்தோலிக்கருக்குத்தான் இது வரும். "லாப்ஸ்ட் ஹிண்டு" எண்டால் பகிடி மாதிரிக் கேக்கும். பையஸ் எண்டால் பக்தியான ஆள், அதைப் பியஸ் எண்டு வாசிக்காதேங்கோ. நல்ல சொல்தான், ஆனால் குரலைக் கொஞ்சம் இழுத்தால் நக்கலாப் போயிடும். "படிக்கிறது தேவாரம், இடிக்கிறது சிவன் கோயில்" எண்ட பழமொழிக்கு ஹிப்பொக்ரிட். சாங்க்டிமோனியஸ் எண்டது வேற: அவர் அந்தத் தேவாரத்தைப் படிச்சுக்கொண்டு எங்களை ஒரு பார்வை பாப்பாரே, அது.

[திரையில்: "செக்யுலர்" என்ற சொல் மட்டும்.]

செக்யுலர் எண்டால் மதச்சார்பற்ற எண்டு பாடமாக்கி வைச்சிருக்கிறியள். நல்லது. அப்ப "செக்யுலர் ப்ரீஸ்ட்" எண்டால் ஆர்? பாதருக்கு நம்பிக்கை விட்டுப் போச்சோ?

இல்லை. லத்தீன் சேக்குலும் எண்டால் தலைமுறை, யுகம், இந்த உலகம். லத்தீன் பூசை கண்ட வயசான கத்தோலிக்கர் "இன் சேக்குலா சேக்குலோரும்" எண்டதை மறந்திருக்க மாட்டினம். ஊழி ஊழியா எண்டு அர்த்தம். துறவறச் சபையில சேராமல், ஆயருக்குக் கீழ ஊருக்குள்ள இருந்து பங்கைப் பாக்கிற குரு செக்யுலர். வார்த்தைப்பாடு குடுத்துச் சபையில சேர்ந்தவர், 1847இல இலங்கைக்கு வந்த அமல மரித் தியாகிகள் மாதிரி, ரிலிஜியஸ். சொல் கோயிலுக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது.

செக்யுலரிசம் எண்ட கொள்கைப் பேரை 1851இல உண்டாக்கினவர் இங்கிலாந்துக்காரர் ஜோர்ஜ் ஹோலியோக். இதில மூண்டைக் குழப்பாதேங்கோ. அரசு எந்தச் சமயப் பக்கமும் சாயக் கூடாது எண்ட கொள்கை செக்யுலரிசம். அதுக்காக வாதாடுறவர் செக்யுலரிஸ்ட். அவர் விடிய எழும்பித் திருநீறு பூசுற ஆளாயும் இருக்கலாம். சமூகத்தில சமயத்தின்ர பிடி மெல்ல மெல்லத் தளர்றது செக்யுலரைசேஷன். இதுக்கு "மதச்சார்பின்மை" எண்டு எழுதினால் பிழை.

இங்கிலாந்தைப் பாருங்கோ. அரசர் திருச்சபைக்கு உச்ச ஆளுநர், பிரபுக்கள் சபையில 26 ஆயர்மாருக்கு ஆசனம். அதுக்குப் பேர் எஸ்டாப்லிஷ்ட் சேர்ச். ஆனால் சனம் நல்லாச் செக்யுலரைஸ் ஆகிவிட்டுது. பிரான்ஸ் 1905இல சட்டம் போட்டு அரசையும் சபையையும் பிரிச்சது. இந்தியா அரசியலமைப்பின்ர முகவுரையில செக்யுலர் எண்ட சொல்லை 1976இல சேர்த்தது. அங்க எல்லாச் சமயத்தையும் சமமா மதிக்கிறது எண்ட பக்கம்தான் தூக்கல். எங்கட நாடு? 1978 அரசியலமைப்பின்ர 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் குடுக்குது, 10ஆம் உறுப்புரை விரும்பின சமயத்தைக் கைக்கொள்ளுற சுதந்திரத்தைக் குடுக்குது. அப்ப "ஸ்ரீ லங்கா இஸ் எ செக்யுலர் ஸ்டேட்" எண்டு எழுதேலாது. குருமார் ஆளுற நாடும் இல்லை, அதால தியோக்ரசி எண்டும் எழுதேலாது.

[திரையில்: "அக்னொஸ்டிக்". கீழே "அஞ்ஞானி".]

கடைசியா ஒரு சோடி. கடவுள் இல்லை எண்டு சொல்லுறவர் ஏதியிஸ்ட். இருக்கிறாரோ இல்லையோ, அறியேலாது எண்டு சொல்லுறவர் அக்னொஸ்டிக். 1869இல தோமஸ் ஹக்ஸ்லி உருவாக்கின சொல். கிரேக்கத்தின்ர ஞோசிஸ்சும் எங்கட ஞானமும் ஒரே வேரில பிறந்தவை. முன்னால நிக்கிற அகரம் இரண்டு பக்கமும் "இல்லை" எண்டதுதான். எழுத்தெழுத்தாப் பெயர்த்தால் அக்னொஸ்டிக் எண்டது அஞ்ஞானி! ஆனால் அந்தக் காலத்துத் தமிழ்க் கிறிஸ்தவ எழுத்துகளில அஞ்ஞானி எண்டு எழுதினது ஆரை? சைவக்காரரை. நாவலரும் அந்தக் கணக்கில அஞ்ஞானிதான். அவரை அக்னொஸ்டிக் எண்டு ஆரும் கூப்பிட்டிருந்தால் அதுக்கும் ஒரு கண்டனம் எழுதியிருப்பார்.

இதைப் படிப்பிக்கேக்க பின் வாங்கில் பெடியன் ஒருத்தன் எழும்பிக் கேட்டான்: "சேர், வருசம் முழுக்க ஏதியிஸ்ட், சோதினைக்கு முதல் நாள் மட்டும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவனுக்கு என்ன சொல்?" லாப்ஸ்ட் ஏதியிஸ்ட் எண்டு சொல்லிப் பாத்தன், வகுப்பு ஒத்துக்கொள்ளேல்லை. உங்களுக்கு ஏதும் தோன்றினால் கீழ எழுதிவிடுங்கோ.